விக்கி என்றால் விரைவு! நம் பள்ளிக்கு ஏற்ற விக்கி மென்பொருள் எது?

(கணினிப் பகுதி. எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி)



இந்த மாதச் சுவர் இதழில் கணினிப் பகுதிக்கு எனக்கு நான்கு தாள் கொடுத்திருக்கிறார்கள். சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் எழுத்து கொஞ்சம் பொடிசா இருக்கும். கிட்ட வந்து படிங்க. ஆனா தாள் மேல சாயாதீங்க, பசை இன்னும் காயல.

எதற்காக இந்தப் பாடம்?

நம் சுவர் இதழ் ஒரு மாதம் சுவரில் இருக்கும். பிறகு சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்துவிடுவோம். அப்படி வைத்ததில் முக்கால்வாசியைக் கரையான் தின்றுவிட்டது. அதில் இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்காக்கள் நம் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதிய தாளும் ஒன்று. கண்மாய்க்கு மூணு மடைன்னுதான் எல்லாரும் சொல்வோம். தண்ணி திறந்து விடுற தாத்தா, "நாலு மடை இருந்துச்சு, ஒண்ணு மண்ணு மூடிப்போச்சு" என்று சொல்லி, அது இருக்கிற இடத்தையும் அக்காக்களுக்குக் காட்டினாராம். அதை அந்தத் தாளில் வரைந்திருந்தார்கள். இப்போது தாளும் இல்லை, தாத்தாவும் இல்லை.

இனிமேல் எழுதுவதைக் கணினியிலும் வைக்கலாம், ஒரு மாதம் செய்து பாருங்கள் என்று தலைமை ஆசிரியர் ஐயா அனுமதி கொடுத்திருக்கிறார். மாதம் முடிந்ததும் அதைத் தொடரலாமா, எல்லோரும் எழுதலாமா, இல்லை சில பேர் மட்டுமா என்று முடிவு செய்வார். அதற்கு முன் உங்களுக்கும் விஷயம் தெரிய வேண்டும் அல்லவா? கணினி டீச்சரிடம் கேட்டதையும், நானே செய்து பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

1. விக்கி என்றால் என்ன?

தண்ணி குடிக்காம சோறு சாப்பிட்டால் வருமே, அந்த விக்கல் இல்லீங்க! 'விக்கி' என்பது ஹவாய்த் தீவு மொழிச் சொல். 'விரைவு' என்று பொருள். ஹவாயில் ஹொனலூலு விமான நிலையத்தில் ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பேருந்துக்கு 'விக்கி விக்கி' என்று பெயர். அமெரிக்கக் கணினி வல்லுநர் வார்டு கன்னிங்ஹாம், 1995 மார்ச் 25 அன்று தான் உருவாக்கிய இணையதளத்துக்கு அந்தப் பேருந்தை நினைத்து 'விக்கிவிக்கிவெப்' என்று பெயர் வைத்தார். அதுதான் உலகின் முதல் விக்கி.

சாதாரண இணையப் பக்கத்தை நாம் படிக்க மட்டும்தான் முடியும். விக்கிப் பக்கத்தைப் படிக்கிறவரே திருத்தவும் முடியும். இன்றைக்கு விக்கி என்று சொன்னால் மூன்று குணங்கள் இருக்க வேண்டும்:

அ) பக்கத்திலேயே 'திருத்து' என்ற பொத்தான்.
ஆ) ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் சுலபமான இணைப்பு.
இ) திருத்துவதற்கு முன் இருந்த பழைய பிரதி அழியாமல் இருப்பது.

நாம் எல்லோரும் பார்க்கிற விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15-இல் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. ஒன்றை மறக்காதீர்கள்: விக்கி வேறு, விக்கிப்பீடியா வேறு. விக்கி என்பது முறை. அந்த முறையில் எழுதப்பட்ட ஒரு பெரிய கலைக்களஞ்சியம்தான் விக்கிப்பீடியா. நோட்டு வேறு, நோட்டில் எழுதிய பாடம் வேறு என்பது மாதிரி.

2. திறமூல மென்பொருள்

மென்பொருளின் மூலநிரல், அதாவது அதை எழுதிய சமையல் குறிப்பு, எல்லோருக்கும் திறந்திருந்தால் அது திறமூல மென்பொருள். அதை யாரும் பயன்படுத்தலாம், எப்படி வேலை செய்கிறது என்று படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு நகல் கொடுக்கலாம். காசு இல்லாமல் கிடைக்கிறது என்பது நமக்கு நல்லதுதான். ஆனால் அதைவிட முக்கியம், நாளைக்கு அதை எழுதியவர் நிறுத்திவிட்டாலும் வேறு யாராவது எடுத்து நடத்த முடியும், நம்மிடம் இருக்கும் நகல் பூட்டிக்கொள்ளாது என்பதுதான். விக்கி மென்பொருள்களில் மிகப் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

3. 'லேசானது' என்றால் என்ன?

"விக்கிப்பீடியா எதில் ஓடுதோ அதையே நாமும் போட்டுக்கலாமே?" இதுதான் எங்கள் வகுப்பில் வந்த முதல் கேள்வி. நல்ல கேள்வி.

விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில். அதுவும் திறமூலம்தான், அருமையானதுதான். ஆனால் அது எழுத்தைத் தரவுத்தளம் என்ற தனி மென்பொருளுக்குள் வைக்கிறது. அந்தத் தரவுத்தளத்தை நிறுவ வேண்டும், கடவுச்சொல் வைக்க வேண்டும், தனியாக நகல் எடுக்கத் தெரிய வேண்டும். லட்சக்கணக்கான பக்கம், ஆயிரக்கணக்கான எழுத்தாளர்கள் என்றால் அது தேவை. நம்மிடம் இருப்பது ஒரு பழைய கணினி. எழுதப் போவது சில நூறு பக்கம். நாலு பேருக்குக் கஞ்சி வைக்கக் கல்யாண அண்டாவை இறக்கலாமா?

உங்களுக்குத் தெரியுமா? விக்கிப்பீடியாவே அண்டாவில் ஆரம்பிக்கவில்லை! 2001-இல் அது யூஸ்மோட்விக்கி என்ற சின்ன மென்பொருளில் ஓடியது. கிளிஃபோர்டு ஆடம்ஸ் எழுதிய அதற்குத் தரவுத்தளமே கிடையாது. பக்கங்கள் எல்லாம் கோப்புகளாகவே இருந்தன. பக்கங்கள் பெருகிய பிறகு, 2002 ஜனவரியில்தான் மேக்னஸ் மேன்ஸ்கே என்ற ஜெர்மானியர் எழுதிய, தரவுத்தளம் உள்ள புதிய மென்பொருளுக்கு மாறினார்கள். அதன் வழியில் வந்ததுதான் மீடியாவிக்கி. ஆக, சின்னதில் தொடங்குவதில் கேவலம் ஒன்றும் இல்லை.

4. தேர்வுக்கு முன் ஐந்து கேள்விகள்

கடையில் செருப்பு வாங்கும்போது காலை அளந்துவிட்டுத்தானே கேட்கிறோம்? அதுபோல முதலில் நம் தேவையை எழுதிக்கொண்டோம்.

1. நெட் இல்லாத நாளிலும் ஓடுமா?
2. பழைய கணினியில், டீச்சரும் நாங்களுமே நிறுவ முடியுமா?
3. பல பேர் சேர்ந்து எழுத முடியுமா?
4. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று தெரியுமா? பழைய பிரதி கிடைக்குமா?
5. மென்பொருள் கெட்டுப்போனாலும் நாம் எழுதியதைப் படிக்க முடியுமா?

ஐந்தாவது கேள்விதான் எனக்கு முக்கியம். ஏனென்றால் கணினிக்கும் கரையான் உண்டு. ஹார்டு டிஸ்க் போகும். மென்பொருள் பழசாகும். தெரிந்த டீச்சர் மாற்றலாகிப் போவார்கள். நாங்களும் பள்ளியை விட்டுப் போய்விடுவோம். அதனால் மென்பொருளைவிட எழுத்து அதிக நாள் வாழ வேண்டும். இதுதான் என் கட்சி.

5. போட்டியில் மூன்று பேர்

மீடியாவிக்கி: கேள்வி 1, 3, 4-க்கு முழு மதிப்பெண். நெட் இல்லாமலும் ஓடும். ஆனால் நிறுவுவதும் பராமரிப்பதும் நமக்குப் பாரம். எழுத்து தரவுத்தளத்துக்குள் இருப்பதால், மென்பொருள் இல்லாமல் நேராகத் திறந்து படிப்பது கஷ்டம்.

டிட்லிவிக்கி: ஜெரமி ரஸ்டன் என்ற ஆங்கிலேயர் 2004-இல் வெளியிட்டது. இது ஒரு அதிசயம்! முழு விக்கியும் ஒரே ஒரு கோப்பு. மென்பொருளும் அதற்குள்ளேதான், நாம் எழுதுவதும் அதற்குள்ளேதான். எதையும் நிறுவ வேண்டாம். பென் டிரைவில் போட்டு எந்த உலாவியிலும் திறக்கலாம். குறிப்புகளைச் சின்னச் சின்னச் சீட்டுகளாக எழுதி ஒன்றோடொன்று இணைக்கலாம். தனி ஒருத்தர் பாடக் குறிப்பு எழுத இதைவிடச் சுலபம் இல்லை. நான் என் அறிவியல் குறிப்புக்கு இதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டு பேர் ஆளுக்கொரு நகல் எடுத்துப் போய்த் திருத்தினால், எது சரி என்று பிறகு உட்கார்ந்து சேர்க்க வேண்டும். சேமித்தவுடன் புதுக் கோப்பாக இறங்குகிறது. பழையதை நாமே எடுத்து வைக்கவில்லை என்றால், நேற்று என்ன இருந்தது என்று அது சொல்லாது. அதனால் கேள்வி 3, 4-இல் மதிப்பெண் குறைந்துவிட்டது.

டோக்குவிக்கி: ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கோர் 2004-இல் உருவாக்கியது. பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது. தரவுத்தளம் வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக் கோப்பு. பல பேர் எழுதலாம். ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்தும்போது மற்றவர் அதில் கை வைக்காமல் 15 நிமிடம் பூட்டி வைக்கும். பழைய பிரதிகள் எல்லாம் தனி ஃபோல்டரில் இருக்கும். அந்த ஃபோல்டரின் பெயர் என்ன தெரியுமா? 'அட்டிக்'. அதாவது பரண்! நம் வீட்டில் பழைய சாமானைப் பரணில் போடுவது மாதிரியே.

6. நோட்பேட் சோதனை

ஐந்தாவது கேள்விக்கு விடை காண, கணினி டீச்சர் ஒரு சோதனை சொன்னார்கள். டோக்குவிக்கியில் 'தூதுவளை' என்று ஒரு பக்கம் எழுதினோம். பிறகு 'டேட்டா' ஃபோல்டருக்குள் 'பேஜஸ்' என்ற ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் எடுத்து, அலுவலகக் கணினியில் திறந்தோம். அந்தக் கணினியில் டோக்குவிக்கி கிடையாது, பி.எச்.பி. கிடையாது. நோட்பேட்தான் இருக்கிறது. திறந்ததும் நாங்கள் எழுதியது அப்படியே தமிழில் வந்தது! தலைப்புக்கு இரண்டு பக்கமும் சமக்குறிகள் தெரிந்தன, அவ்வளவுதான். பரணில் இருக்கும் பழைய பிரதிகள் மட்டும் சுருக்கிய கோப்பாக இருக்கும். அவற்றை விரித்துத்தான் படிக்க வேண்டும்.

நீங்கள் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். உள்ளே போட்ட எழுத்தை, அது இல்லாமலே வெளியே எடுக்க முடிகிறதா? முடிந்தால் அது அலமாரி. முடியாவிட்டால் அது உண்டியல்.

7. நிறுவும் முறை (சுருக்கமாக)

எங்கள் கணினியில் உபுண்டு லினக்ஸ் இருக்கிறது.

படி 1: அப்பாச்சி என்ற வலைச் சர்வரையும் பி.எச்.பி.யையும் நிறுவ வேண்டும். இதற்கு மட்டும் ஒரு நாள் நெட் வேண்டும். சும்மா சோதித்துப் பார்க்க என்றால் பி.எச்.பி.க்குள்ளேயே ஒரு சின்னச் சர்வர் இருக்கிறது, அது போதும்.

படி 2: டோக்குவிக்கியின் சுருக்கிய கோப்பை இறக்கி, சர்வரின் ஃபோல்டரில் விரிக்க வேண்டும்.

படி 3: 'டேட்டா', 'கான்ஃப்' ஆகிய இரண்டு ஃபோல்டரிலும் எழுதச் சர்வருக்கு அனுமதி தர வேண்டும். இது இல்லாவிட்டால் சேமிக்க முடியாது.

படி 4: உலாவியில் நிறுவல் பக்கத்தைத் திறந்தால் விக்கியின் பெயர், நிர்வாகியின் பெயர், கடவுச்சொல் கேட்கும். பிறகு ஒரு முக்கியமான கேள்வி: திறந்த விக்கியா, பொது விக்கியா, மூடிய விக்கியா? திறந்தது என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பொது என்றால் யாரும் படிக்கலாம், பதிவு செய்தவர் மட்டும் எழுதலாம். மூடியது என்றால் பதிவு செய்தவர் மட்டும்தான் படிக்கவே முடியும். நாங்கள் 'பொது' எடுத்தோம்.

படி 5: வேலை முடிந்ததும் அந்த நிறுவல் கோப்பை அழித்துவிட வேண்டும். வீடு கட்டி முடித்ததும் ஏணியை எடுத்துவிடுவது மாதிரி.

ஒரு கணினியில் நிறுவினால் போதும். ரவுட்டர் மூலம் இணைந்த மற்றக் கணினிகளிலும், டீச்சர் செல்போனிலும்கூட உலாவியில் திறக்கலாம். அதற்கு நெட் வேண்டியதில்லை. வெளி ஊரில் இருப்பவர் பார்க்க முடியாது, நம் பள்ளிக்குள் மட்டும்தான். இப்போதைக்கு அதுதான் பாதுகாப்பு.

8. எழுதும் முறை

பெரிய தலைப்புக்கு இரண்டு பக்கமும் ஆறு சமக்குறி. உள்தலைப்புக்கு ஐந்து. அடுத்ததற்கு நான்கு. தடித்த எழுத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு நட்சத்திரம். சாய்வெழுத்துக்கு இரண்டு சாய்கோடு. பட்டியல் என்றால் முதலில் இரண்டு இடைவெளி, பிறகு ஒரு நட்சத்திரம். புதுப் பத்தி என்றால் நடுவில் ஒரு வெற்று வரி. இதோ மாதிரி:

====== தூதுவளை ======
முள் உள்ள கொடி. பறிக்கும்போது கவனம்.
===== அடையாளம் =====
  * பூ ஊதா நிறம்
  * பழம் சிவப்பு
மேலும் பார்க்க: [[ஆடாதோடை]]

கடைசி வரியில் இரட்டைச் சதுர அடைப்பு இருக்கிறதே, அதுதான் விக்கியின் உயிர். 'ஆடாதோடை' என்ற பக்கம் இருந்தால் இணைப்பு பச்சையாகத் தெரியும். இல்லை என்றால் சிவப்பாகத் தெரியும். சிவப்பைச் சொடுக்கினால் "இந்தப் பக்கம் இன்னும் இல்லை" என்று சொல்லும். நாமே எழுத ஆரம்பிக்கலாம். அதனால் சிவப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது யாராவது எழுதுங்களேன் என்று கூப்பிடுகிற அழைப்பு.

இங்கே ஒரு சுவையான செய்தி. கன்னிங்ஹாமின் முதல் விக்கியில் அடைப்புக்குறி கிடையாது. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லைச் சேர்த்து, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போட்டால் அதுவே இணைப்பாகிவிடும். தமிழில்தான் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லையே! அந்த முறையில் தமிழ் விக்கி எழுதவே முடியாது. அடைப்புக்குறி வந்ததால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு வழி பிறந்தது.

9. தமிழில் எழுதுபவர் கவனிக்க வேண்டிய மூன்று

முதலாவது, யூனிகோடு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டினால் திரையில் தமிழ் மாதிரி தெரியும். ஆனால் கணினிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரே குழப்பமாக வரும். நோட்பேட் சோதனையில் ஃபெயில். அதனால் யூனிகோடில் மட்டும் தட்டுங்கள். விசைப்பலகை தமிழ்99 ஆக இருந்தாலும் சரி, வேறாக இருந்தாலும் சரி.

இரண்டாவது, கோப்பின் பெயர். 'துளசி' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் துணைக்குறிகளையும் தனியாக எண்ணுவதால் ஐந்து குறி. ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் என்று 15 பைட். டோக்குவிக்கி வழக்கமாகக் கோப்புப் பெயரில் ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக மாற்றி எழுதும். ஆக 15 × 3 = 45! லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 255-ஐ 9-ஆல் வகுத்தால் 28 குறிதான் வருகிறது. நீளமாகத் தலைப்பு வைத்தால் சேமிக்காது. அது மட்டும் இல்லை, பென் டிரைவில் திறந்தால் பெயர் முழுக்கச் சதவீதக் குறியாகத் தெரியும், எது தூதுவளை, எது துளசி என்றே தெரியாது. இதற்கு வழி, அமைப்புப் பக்கத்தில் கோப்புப் பெயர் முறையை 'யு.டி.எஃப்-8' என்று மாற்றுவது. அப்புறம் பெயரும் தமிழிலேயே இருக்கும். ஆனால் இதை முதல் பக்கம் எழுதும் முன்பே செய்துவிட வேண்டும். பாதியில் மாற்றினால் பழைய பக்கங்களை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது, தேடல். 'மடை' என்று தேடினால் 'மடையில்', 'மடையை' என்ற சொற்கள் உள்ள பக்கம் வராது. ஏனென்றால் வேற்றுமை உருபு ஒட்டினால் கணினிக்கு அது வேறு சொல். 'மடை*' என்று கடைசியில் நட்சத்திரம் போட்டால் எல்லாம் வரும். 'மரம்' என்பதற்கு 'மர*' என்று தேடுங்கள், 'மரத்தில்' என்பதும் கிடைக்கும். தமிழ் ஐயா நடத்திய இலக்கணம் கணினிக்கும் உதவுகிறது பாருங்கள்!

10. "யாராவது கெடுத்துட்டா?"

இதுதான் ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். முதல் வாரத்திலேயே ஒருவர் தூதுவளைப் பக்கத்தில் தன் நண்பனின் பட்டப்பெயரை எழுதிவிட்டார். (யாருன்னு நான் சொல்ல மாட்டேன்.) 'பழைய பிரதிகள்' என்ற பொத்தானைச் சொடுக்கினோம். எந்தப் பெயரில் நுழைந்து, எத்தனை மணிக்கு மாற்றினார் என்று வரிசையாக வந்தது. இரண்டு பிரதிகளைத் தேர்ந்தெடுத்தால் சேர்த்தது எது, நீக்கியது எது என்று நிறம் காட்டியது. பழைய பிரதியைத் திறந்து சேமித்தோம், பக்கம் பழையபடி ஆகிவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுதியவரும் வந்து சிரித்துக்கொண்டே, ஆடாதோடைப் பக்கத்தை எழுதித் தந்தார்.

காகிதத் தாளில் கிறுக்கினால் கிறுக்கினதுதான். அடித்துத் திருத்தினாலும் அசிங்கமாகத் தெரியும். விக்கியில் கெடுப்பது சுலபம், ஆனால் சரி செய்வது அதைவிடச் சுலபம். அதனால் எல்லோருக்கும் எழுத அனுமதி வேண்டும், ஆனால் அவரவர் பெயரில் நுழைந்துதான் எழுத வேண்டும் என்று தலைமை ஆசிரியர் ஐயாவைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பத்துப் பேர் மட்டும் எழுதினால் பத்து வீட்டுச் செய்திதான் வரும். ஆறாம் வகுப்புத் தங்கை வீட்டுத் தாத்தாவுக்குத் தெரிந்தது எப்படி வரும்? 'முதல் பக்கம்' மாதிரி முக்கியமான சில பக்கங்களை மட்டும் ஆசிரியர்கள் தவிர யாரும் தொடாதபடி அனுமதிப் பட்டியலில் பூட்டி வைக்கலாம். அந்த வசதியும் டோக்குவிக்கியில் இருக்கிறது.

11. நகல், நகல், நகல்

பழைய பிரதி வேறு, நகல் வேறு. பரண் இருக்கிறது என்று தூங்கிவிடக் கூடாது. வீடே விழுந்தால் பரணும் சேர்ந்துதானே விழும்? ஹார்டு டிஸ்க் போனால் எல்லாம் போகும்.

தரவுத்தளம் இல்லாததால் நகல் எடுப்பது ரொம்பச் சுலபம். டோக்குவிக்கி ஃபோல்டரை முழுதாகச் சுருக்கிப் பென் டிரைவில் போட்டால் முடிந்தது. அதில் எழுத்து, படம், பழைய பிரதி, அமைப்பு எல்லாம் வந்துவிடும். நாங்கள் வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு பென் டிரைவில் எடுக்கிறோம். ஒன்று அலுவலகப் பீரோவில் இருக்கும். மற்றொன்று கணினி டீச்சர் வீட்டுக்குப் போகும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் இரண்டு நகல் எடுத்தும் பயனில்லை. மாதம் ஒருமுறை அதைத் திறந்து படிக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்பக் கூடாது.

12. விக்கி செய்யாத வேலை

எந்த மென்பொருளும் நமக்காகப் பாட்டியிடம் போய்க் கேட்காது. உண்மையா பொய்யா என்றும் பார்க்காது. மூணு மடை என்று எழுதினால் மூணு என்றே காட்டும், நாலு என்றால் நாலு. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் மூன்று விஷயம் எழுத வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம்: சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார், நாம் நேரில் பார்த்தோமா, கேட்டது மட்டுமா. அவரிடம் கேட்காமல் பெயரையோ படத்தையோ போடக் கூடாது. எங்க அப்பாயி, "என் பேரைப் போடு, போட்டோ மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள். அப்படியே செய்தேன். மூலிகைப் பக்கத்தில் செடியின் அடையாளமும் வழக்கமும் எழுதலாம். "இதைச் சாப்பிட்டால் நோய் போகும்" என்று நாமே மருத்துவர் மாதிரி எழுதக் கூடாது என்று அறிவியல் சார் சொல்லியிருக்கிறார்.

இப்போது விக்கியில் 'கண்மாய்' பக்கம் இருக்கிறது. அதில் 'நாலாவது மடை' என்ற இணைப்பு சிவப்பாகவே நிற்கிறது. அந்தத் தாளைப் படித்த அக்கா அண்ணன்களுக்கு ஏதாவது நினைவிருக்கலாம். தாத்தாவோடு வேலை பார்த்தவர்கள் உங்கள் தெருவில் இருக்கலாம். அரச மரத்துக்குக் கிழக்கே என்று ஒரே ஒரு வரி தெரிந்தாலும் எழுதுங்கள். இன்னொருவர் வந்து அடுத்த வரியைச் சேர்ப்பார். அதற்குத்தான் விக்கி.

பயிற்சி

1. விக்கிக்கும் விக்கிப்பீடியாவுக்கும் என்ன வேறுபாடு?
2. மீடியாவிக்கி, டிட்லிவிக்கி, டோக்குவிக்கி: தனி ஒருவர் குறிப்பு எழுத எது ஏற்றது? ஏன்?
3. 'கண்மாய்' என்ற சொல்லில் துணைக்குறிகளையும் சேர்த்து எத்தனை குறி? யூனிகோடில் எத்தனை பைட்? (கண்டுபிடித்தவர் விடையைக் கணினி அறைப் பெட்டியில் போடவும்.)
4. பழைய பிரதி இருக்கும்போது நகல் எதற்கு?
5. செயல்பாடு: உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஊரைப் பற்றி ஒரு செய்தி கேட்டு, மேலே சொன்ன மூன்று குறிப்புகளோடு ஒரு பக்கம் எழுதி வரவும்.

எழுத விரும்புகிறவர்கள் கணினி அறைக் கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலில் பெயரும் வகுப்பும் எழுதுங்கள். தட்டச்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நாங்கள் சொல்லித் தருகிறோம். தாளில் எழுதிக் கொண்டு வந்தாலும் தட்டித் தருவோம். முதலில் வருகிறவருக்கு சிவப்பு இணைப்பில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு!